அடிக்கஞ்சி

அடியைக் கிளறிக் கெட்டியாக அள்ளி இளசுகளுக்கு ஊற்று, மேலே நிற்கும் தெளிவு கிழடுகளுக்குப் போதும் என்று காலையில் உத்தரவு வந்தது.

கொண்டுவந்தவர் உபதேசியார் சந்தியாகு. சொல்லும்போது அவர் காசியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். பழவேற்காட்டு ஏரி சுருங்கி உப்புப் பூத்துக் கிடந்தது. காசியம்மாள் ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு ஊர்க்காரி. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவள். இப்போது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சேற்றைத் துழாவினாலும் ஒரு நண்டு அகப்படுவதில்லை.

அப்போதுதான் சந்தியாகு ஜெபவீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, தன் வீட்டு அரிசியில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. குடிக்க வந்த காசியம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டாள்.

அவருடைய அரிசி தீர்ந்த மறுநாள் ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கின. கர்த்தர் கொடுத்தார் என்றார். அவளும் நம்பினாள்.

காட்டூரில் நெல் விளைவித்த குடும்பங்களெல்லாம் அதற்கு முன்பே நடந்து வந்து சேர்ந்திருந்தன. முதல் நாள், கஞ்சி காய்ச்சியது யார் என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் யாரும் விசாரிக்கவில்லை.

இன்று இளவட்டங்களைத் தனி வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கோட்டை ஆட்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவன் ஒரு பையனின் தாடையைத் தூக்கி, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தான். இன்னொருவன் ஒரு பெண்ணின் புஜத்தை அழுத்திப் பார்த்தான்.

காசியம்மாளின் கை அகப்பையோடு நின்றது. மாட்டுச் சந்தையில்தான் அப்படிப் பல் பார்ப்பார்கள்.

கரையில் நேற்று இல்லாத நான்கு படகுகள் நின்றன. முகத்துவாரத்துக்கு அப்பால், கடலில், கப்பலின் பாய்மரம் தெரிந்தது.

"உபதேசியாரே, இன்னா நடக்குது இங்க? கப்பலுக்கா?"

"கத்தாத காசியம்மா. அடி புடிக்குது, போய்க் கிண்டு."

அவ்வளவுதான் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒரு மாதமாக இந்தக் கையால்தான் ஊற்றியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் குடி, இன்னும் கொஞ்சம் குடி என்று கெஞ்சிக் கெஞ்சி ஊற்றியிருக்கிறாள். எலும்பாக வந்தவர்களின் கன்னத்தில் சதை பிடித்ததைப் பார்த்து, பெற்றவள் மாதிரி பூரித்துப் போயிருக்கிறாள்.

அடுப்புக் கல் மேல் ஏறி நின்றாள்.

"குடிக்காதீங்க! ஆட்டுக்குத் தழ போடற மாரி போட்டு, ஒங்கள அடிமையா கப்பல்ல ஏத்தப் போறாங்க! எழுந்து ஓடுங்க!"

கோட்டை ஆட்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். சந்தியாகு அவளைத் தடுக்கவில்லை.

வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிலர் குனிந்து குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

காது செவிடா இவர்களுக்கு? கீழே குதித்து ஓடினாள். முன்னால் தருமன் உட்கார்ந்திருந்தான். கண் தெரியாத தாய் பொன்னியம்மாளைக் காட்டூரிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு வந்தவன். அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னத்தான்டா சொல்றேன்! எழுந்திரு!"

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"தெரியும்க்கா."

காட்டூர்க்காரன் ஒருவன் அவளை அக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"மூட்ட வந்த அன்னிக்கே உபதேசியாரு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. வூட்டுக்கு ஒருத்தர் இந்தப் பக்கம் உக்காந்தா, மத்தவங்களுக்கு மழ வர்ற வரைக்கும் கஞ்சி. இஷ்டம் இல்லாதவங்க போய்டுங்கன்னாரு. சில பேரு போனாங்க. வழியிலயே செத்தாங்க."

குரலைத் தாழ்த்தினான்.

"ஒனக்கு மட்டும் சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா நீ ஒல வெக்க மாட்டியாம்."

காசியம்மாள் திரும்பினாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சந்தியாகு மேல் அகப்பையை வீசினாள். அது அவர் தோளில் பட்டு விழுந்தது. வெள்ளைச் சட்டையில் கஞ்சி வழிந்தது.

அவர் குனிந்து அதை எடுத்தார். மண்ணைத் தன் வேட்டியில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

கிழடுகளின் வரிசையில் இன்னும் ஊற்றவில்லை. யாரோ காலிக் கொட்டாங்கச்சியால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

அவள் அகப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

தருமன் பின்னாலிருந்து சொன்னான்: "எங்கம்மாவுக்கு மட்டும் இந்த விசயம் தெரியாதுக்கா. கையில புடிச்சுக் குடு."

உச்சிப்பொழுதுக்குள் படகுகள் போய்விட்டன. அவள் கரைப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் சந்தியாகு வருவதற்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடியையும் மேலையும் ஒன்றாகக் கலக்கி எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே வந்தாள். பொன்னியம்மாளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அவற்றில் கொட்டாங்கச்சியை வைத்தாள்.

கிழவி குடிக்கவில்லை. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"எம் மவன் இன்னும் வர்லியே, எங்க போனான்?"

"கோட்டையில வேல குடுத்துருக்காங்க. ஆறிப் போவுது, குடி!" என்று எரிந்து விழுந்தாள் காசியம்மாள்.