ராசா கேட்ட கேள்வி

"ராசா உக்காந்திருந்த எடத்துல இப்பக் கண்ட பயலும் உக்காந்து வம்பு வழக்குப் பேசுறான். தூணெல்லாம் வெத்தல எச்சி. இந்தக் காலத்துப் பயலுகளுக்கு எந்த எடத்துல எப்படி நிக்கணும்னே தெரியல."

திருமலை நாயக்கர் மகாலின் தூணொன்றை முறைத்துப் பார்த்தபடி தவசி சொன்னார். வயது அறுபத்தேழு. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி. அந்த நாளில் மகாலையே ஜில்லா கோர்ட்டாக்கி வைத்திருந்தது அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. ஐந்து வயதில், சித்தப்பா பேயாண்டியின் தோளில் உட்கார்ந்து வந்து இதே மகாலில் அவர் ராசாவைப் பார்த்திருக்கிறார். சரிகைத் தலைப்பாகை, உயரமான நாற்காலி. ராசா ஏதோ கேட்டார். இவர் பயப்படாமல் சத்தமாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் சித்தப்பா கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ராசாவோடு பேசிய ஆள் ஊரில் தான் ஒருவன்தான் என்பதை இன்றுவரை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை.

"ராசாவா? எந்த ராசா?" என்று ரிக்கார்டு ரூம் பிச்சுமணி கேட்க வாயெடுத்தார். தவசியின் மகன் நல்லகாமன் வேண்டாமென்று கண்ணைக் காட்டினான். பிச்சுமணி பழைய வழக்குக் கட்டைப் பிரித்தார்.

நல்லகாமனுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண். பிறந்து மூன்று மாதமாகிறது. பால் சரியாகக் குடிப்பதில்லை, தேறவும் இல்லை. செத்துப்போன வீட்டுப் பொம்பளை ஒருத்தி தன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கேட்டு நிற்கிறாள் என்று குறி பார்த்த கோடாங்கி சொல்லிவிட்டான். எவள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தவசியைப் பெற்றவள். ஒச்சாயி.

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத பெயர் அது. ஆனால் வீட்டுக்குப் பெரியவர் வாயால் கூப்பிட்டால்தான் பிள்ளைக்குப் பெயர். அதற்காக மகனும் மருமகளும் அவர் காலில் விழுந்து பார்த்துவிட்டார்கள். தவசி ஒரே பதில்தான் வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து யார் கேட்டாலும் சொல்லும் பதில்.

"எங்க ஆத்தா ஓடிப்போயிட்டா."

நல்லகாமன் வக்கீல் குமாஸ்தா. பழைய வழக்குப் பட்டியலில் அப்பத்தாவின் பெயரைத் தற்செயலாகப் பார்த்தான். ஓடிப்போனவள் எதற்குக் கோர்ட்டுக்கு வந்தாள் என்ற கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. கட்டு கிடைத்துவிட்டதென்று பிச்சுமணி இன்றுதான் சொல்லியனுப்பியிருந்தார். நீங்களே காதால் கேளுங்கள் என்று அப்பாவை இழுத்து வந்துவிட்டான்.

பிச்சுமணி நிறுத்தி நிறுத்திப் படித்தார். புருஷன் செத்த மறுமாதமே கொழுந்தன் பேயாண்டி ஒச்சாயியை அடித்துத் துரத்தியிருக்கிறான். நிலம் கைவிட்டுப் போகாமலிருக்கப் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். நிலம் வேண்டாம், பிள்ளையைக் கொடு என்று அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். பதினோரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"நடந்து வந்தாளாம். கூட நடந்து பாத்தவன் எவன்?" தவசி சீறினார். "என்னையத் தோள்ல போட்டு வளத்த மனுசன் மேல பழி சொல்றா. அதையும் ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். எழுதுனவனுக்கு என்ன, கை வலிக்குமா?"

ஊர்க்காரர் நாலு பேர் அவள் பக்கம் சாட்சி சொல்லியிருந்தார்கள். எதையாவது வாங்கித் தின்றுவிட்டுச் சொல்லியிருப்பானுக என்றார் தவசி.

கடைசித் தாளைப் பார்த்துப் பிச்சுமணி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். வழக்கு தள்ளுபடி. எதிர்த்தரப்பில் ஒரே ஒரு சாட்சிதான், அதை நம்பித்தான் தள்ளியிருக்கிறார்கள் என்றார்.

தவசி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். முகத்தில் அத்தனை கோபத்துக்கும் நடுவே ஒரு வெற்றி தெரிந்தது.

"கேட்டுக்கிட்டியாடா? நாலு பேரு பொய் சொல்லையில ஒருத்தன் உள்ளதச் சொல்லியிருக்கான். அம்புட்டுப் பேருலயும் அவன்தான்டா ஆம்பள. சாமி, அவன் சொன்னத மட்டும் படிங்க. இவனும் கேக்கட்டும். அதுக்கப்புறம் பேச்சும் கிடையாது, பேரும் கிடையாது."

பிச்சுமணி தாளைப் புரட்டினார். படிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். தவசியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தாளுக்குள் குனிந்தார்.

"பெரியவரே, சாட்சி சொன்னத வார்த்தை மாறாம எழுதியிருக்கா. கேளும்."

"படிங்க சாமி."

"சாட்சி பேர் தவசி. வயசு அஞ்சு. பேயாண்டி தோள்ல தூக்கிண்டு வந்து நிறுத்தினான். 'அழுதுண்டு நிக்கறாளே, இவ உனக்கு யாரு?'ன்னு ஜட்ஜ் கேட்கறார். சாட்சி சத்தமாச் சொல்றான். 'இவளத் தெரியாது. எங்க ஆத்தா ஓடிப்போயிட்டா.'"

நல்லகாமன் அப்பாவின் கையைப் பிடித்தான். தவசி உதறினார்.

"பொய்யி. கோர்ட்டுல எழுதுறது அம்புட்டும் பொய்யி."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூண்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் சொல்வது என்று மகன் பின்னாலிருந்து கேட்டான். அவர் நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை.

"நான் ராசாகிட்டத்தானடா சொன்னேன்."