கோழி ஊசி

வெள்ளைக்கோழியின் இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடியே அங்கமுத்து கேட்டுவிட்டான்.

"ஏனுங்க, எம்பொண்டாட்டிக்கும் இதுல ஒண்ணு போட்டுடுங்க சாமி."

பாக்கியநாதன் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தை வைத்துக்கொண்டு நாமக்கல்லிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். கழிச்சல் நோய் வந்தால் கோழி வாயைப் பிளந்து மூச்சை இழுத்து இழுத்துச் சாகும். முன்கூட்டியே ஊசி போட்ட கோழி பிழைத்துக்கொள்ளும்.

அந்த ஆனி மாதம் மனிதர்களும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். விஷக்காய்ச்சல் என்றார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் எப்படியோ எழுந்து நடமாடினார்கள். மாசமாக இருந்தவர்கள்தான் எழவில்லை. மேலத்தெருவில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

அங்கமுத்துவின் மனைவி மாரக்காளுக்கு ஏழு மாதம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஊருக்குள் காய்ச்சல் வந்ததிலிருந்து அவளை அவன் வாசல் தாண்ட விடவில்லை. தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிவந்து அவளை அழைத்துப்போக வேண்டிய மாதம் அது. ராசிபுரத்திலிருந்து யாரும் வரவில்லை.

"மனுசருக்கும் சீமையில ஊசி வந்திருக்காம். நம்ம பக்கம் எப்ப வருமோ" என்றார் பாக்கியநாதன்.

கோழிக்கு வந்துவிட்டது, பொண்டாட்டிக்கு வரவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அங்கமுத்து கோழியைக் கீழே விட்டுவிட்டு அவர் காலில் விழப்போனான்.

பாவம், அந்த மனுஷரும் என்னதான் செய்வார். புது ஊசியாக ஒன்றை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். மாரக்காள் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். அங்கமுத்து வாசற்படியிலேயே நின்றான்.

பாக்கியநாதன் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். கோழி மருந்தை ஒதுக்கிவிட்டு, அதைக் கலக்குவதற்காகக் கொண்டுவந்திருந்த, காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரைக் கொஞ்சம் ஊசியில் உறிஞ்சினார். மாதாவே மன்னியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பயந்து பயந்து கிடக்கிற பெண், இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தார்.

மாரக்காள் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றாள். குத்தியபோது முகம் சுளிக்கவில்லை.

"இனி அந்தக் காய்ச்சல் என்னைத் தொடாதுங்களா?" வாசலுக்குக் கேட்கும்படி சத்தமாகவே கேட்டாள்.

"தொடாதும்மா."

அவள் முகம் தெளிந்துபோனது. பாக்கியநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய்யாக இருந்தால் என்ன, ஒரு புண்ணியம் செய்தோம் என்று மிச்சக் கோழிகளுக்கு உற்சாகமாக ஊசி போட்டார்.

கடைசிக் கோழியை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது அங்கமுத்து மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க மாமியா ராசிபுரத்துல இந்தக் காய்ச்சல்லதான் கெடக்குதுங்க. வாயில தண்ணி ஊத்தக்கூட ஆளில்லை. போயே தீருவேன்னு இவ ஒரே அழுகை, நாந்தான் போக உடலீங்க. இனி என்னங்க பயம், ஊசிதான் போட்டாச்சே" என்றான்.

மாரக்காள் அதற்குள் துணிமூட்டையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பாக்கியநாதன் ஓடிப்போய் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கமுத்து முன்னால் மாட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, போகாதே. அது வெறும் தண்ணி."

மாரக்காள் புருஷன் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாத்தனுங்க. அவியகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி. எங்கம்மாவுக்கு வேற ஆருமில்லைங்க."

அவர் வண்டியிலிருந்து கையை எடுத்தார். வண்டி நகர்ந்தது.

ரோட்டில் ஏறும்போது அங்கமுத்து திரும்பிப் பார்த்து, கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டான்.