கூரைக்கு ஒரு கையெழுத்து

"கையெழுத்து மட்டும் கேக்காதே கண்ணு. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

ரூபர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறான். கிழவி கேக்கைத் துளி மிச்சம் வைப்பதில்லை. கையெழுத்து என்றால் மட்டும் டீ ஊற்ற ஆரம்பித்துவிடுகிறாள்.

தெற்கு லண்டனில், பழைய வீடு ஒன்றைக் குறுக்கே பிரித்து ஆக்கிய இரண்டு ஃபிளாட்டுகள். மாடி ரூபர்ட்டுக்கு, கீழ்த்தளம் கிழவி டிலிஸுக்கு. இருவருக்கும் இருப்பது லீஸ் என்ற நீண்ட காலக் குத்தகைதான். மண்ணும், கூரையும், கூரைக்கடியில் சும்மா கிடக்கும் பரணும் எங்கோ இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு.

லீஸை நீட்டித்தால் நிம்மதியாகக் குடியிருக்கலாம், ஆனால் பரண் கிடைக்காது. பரணில் ஓர் அறை கட்டாவிட்டால், ரூபர்ட்டுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைக் குளியல் தொட்டியில்தான் படுக்கவைக்க வேண்டும். வீட்டையே மொத்தமாக வாங்கிவிடலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இரண்டே ஃபிளாட் என்பதால் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

"நான் லீஸை நீட்டிக்கிறேன். எனக்கு அது போதும்," என்றாள் டிலிஸ்.

"கடைசிவரைக்கும் அந்தாளுக்கு அடிமையாவே இருக்கப்போறீங்களா? அவன் லீஸைப் படிச்சீங்களா? பூனை வளர்க்க அனுமதி வாங்கணுமாம். ஜன்னல்ல துணி காயப்போடக் கூடாதாம். மாடியில தரை முழுக்கக் கம்பளம் விரிக்கணுமாம்! என் தரையில என்ன விரிக்கணும்னு சொல்ல அவன் யாரு? வந்த அன்னைக்கே பிச்சு எறிஞ்சேன்ல!"

"எறிஞ்சே, எறிஞ்சே," என்று தலையாட்டினாள் டிலிஸ்.

அந்த வெறும் பலகைமேல்தான் அவன் தினமும் கயிறு தாண்டுகிறான். அவன் மனைவி இமோஜன் குதிகால் செருப்போடு நடக்கிறாள். கீழேயிருந்து இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. கிழவி டமாரச் செவிடு என்பது புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒருமனதாகச் சொல்லிவிட்ட தீர்ப்பு.

அதனால் ரூபர்ட் குரலை உயர்த்தி, தேனும் தடவினான்.

"இதப் பாருங்க டிலிஸ், நாம ரெண்டு பேரும் சரிசமம். பரண் ரெண்டு பேருக்கும் பொது. உங்களைக் கேக்காம ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். நீங்க எனக்கு அம்மா மாதிரி!"

"அம்மா மாதிரி..." டிலிஸ் அதைச் சப்புக்கொட்டி ருசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. கையெழுத்து மட்டும் வேண்டாம் கண்ணு."

ரூபர்ட்டுக்குப் பொறுமை போயிற்று. "ஒரு பச்சைக் குழந்தைக்கு இடம் கொடுக்க மனசு வரலையே உங்களுக்கு! கல்லு மனசு! காரணமாவது சொல்லித் தொலைங்களேன்!"

டிலிஸ் கேக் துணுக்குகளை மடியிலிருந்து நிதானமாகத் தட்டினாள்.

"இப்ப நீ இறங்கி வர்றதுக்கு முன்னாடி உன் பெண்டாட்டி கேட்டா, 'கிழவி பரண்ல பங்கு கேட்டா என்ன பண்றது?'ன்னு. நீ சொன்னே, 'கையெழுத்துப் போடற வரைக்கும்தான் பங்கு. அப்புறம் ஒழுகற கூரைக்குப் பாதிச் செலவை அது தலையில கட்டிட்டு, பரணை நாம அமுக்கிடலாம். இன்னைக்கு அம்மா மாதிரின்னு ஒரு போடு போடறேன், பாரு'ன்னு."

ரூபர்ட் கையிலிருந்த கேக் டீக்குள் விழுந்தது.

"யா... யாரு சொன்னது உங்களுக்கு?"

டிலிஸ் விரலால் மேலே காட்டினாள்.

"நீதான். வந்த நாள்லேருந்து நீதான் சொல்லிட்டிருக்கே. வீட்டுச் சொந்தக்காரரோட ஆளு வந்து, 'மாடியில கம்பளம் இருக்கா, சத்தம் வருதா'ன்னு கேட்டப்போ, புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வீடாச்சேன்னு, 'ஒரு சத்தமும் இல்லைங்க'ன்னு உனக்காகப் பொய் சொல்லி அனுப்பினேன்."

அவன் தலை குனிந்தது. அவள் கோப்பையில் மறுபடி டீ ஊற்றினாள்.

"கம்பளம் போடச் சொன்னது என் தூக்கத்துக்காகன்னு நினைச்சியா? உன் மானத்துக்காக, கண்ணு!"