சித்ரா வீட்டுப் புழு

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுக்கணும். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

கேரள எல்லையோரம் எங்கள் எருத்தேன்பதியில் டெங்கு பரவியதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே கொசுப்புழு தேட விட்டார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜிதின் சார். நான் அலைந்த தெருவில் ஒரு புழுகூடச் சிக்கவில்லை. எங்கள் தெருவில் தேடிய பக்கத்து வீட்டு சித்ரா, புழு நெளிய நெளிய ஒரு புட்டி கொண்டுவந்து, "எங்க ஊட்டு ட்ரம்முலதானுங்க சார்" என்றாள்.

சார் உருகிப்போனார். சொந்த வீட்டையே காட்டிக்கொடுக்கிற நேர்மை யாருக்கு வரும் என்று, பாலக்காட்டுக் கொசு ஆராய்ச்சி லேபைப் பார்க்க அவளையே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். மைக்ராஸ்கோப், மதியம் பிரியாணி, பேப்பரில் போட்டோ.

புழு வளர்த்தவளுக்குப் பிரியாணி. அப்படியென்றால் வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த நாங்கள் இளிச்சவாயர்களா? போதாததற்கு, படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவும் "அந்தப் புள்ளையப் பார்றா பொன்ராஜ்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரல். ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், பால் சொசைட்டி அக்கா எல்லாரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள். மொட்டைமாடியில் உட்கார்ந்து, அப்பாவின் புது சிம்மிலிருந்து அவளுக்கு அடித்தேன்.

"ஹலோ, சித்ரயல்லே? ஞான் ஜிதின் சாராணு."

மலையாளத்தையும் தமிழையும் குழைத்து ஒரு பிடி பிடித்தேன். உன் வீட்டுப் பக்கம் இன்னும் புழு இருப்பதாகப் புகார், இப்போதே வருகிறேன், ஒன்று கண்டாலும் நோட்டீஸ், லேபுக்கு வேறு ஆள் என்றேன். அவள் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

இனிதான் சிரிப்பு. ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளியும் கையுமாகத் தாவப்போகிறாள். கைப்பிடிச் சுவரோரம் குனிந்து காத்திருந்தேன்.

ஓடத்தான் செய்தாள். ஆனால் அவள் வீட்டு ட்ரம் பக்கமே போகவில்லை. வேலியில் புகுந்து எங்கள் புழக்கடைக்கு வந்தாள். எங்கள் நீல ட்ரம்மைத் தோளால் முட்டிச் சாய்த்தாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியையும் பழைய டயரையும் கவிழ்த்தாள்.

பயத்தில் எது யார் வீடு என்றே மறந்துவிட்டது போல. வாயைப் பொத்திக்கொண்டேன்.

போன் அடித்தது. அவள்தான், கீழே மூச்சு வாங்க நின்றுகொண்டு. ஜிதின் சாராகவே "பறயூ, சொல்லு" என்றேன்.

"சார், அன்னைக்கு நான் தந்த புழு எங்க ஊட்டுது இல்லீங்க. பொன்ராஜ் ஊட்டுதுங்க. அவங்கம்மா ஆபரேஷன் முடிஞ்சு அப்பத்தான் ஊட்டுக்கு வந்தாங்க. ட்ரம்மக் கழுவக்கூட ஆளில்லீங்க. அந்நேரம் நோட்டீஸ் வந்தா தாங்க மாட்டாங்கன்னு எங்க ஊடுன்னு சொல்லிப்போட்டேன். இப்ப எல்லாத்தையும் கவுத்துட்டனுங்க. அவங்களை ஒண்ணும் பண்ணீராதீங்க."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"பொய் சொன்னதுக்கு என் பேரை எடுத்துருங்க சார். பொன்ராஜைக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு ரொம்ப ஆசைங்க."

"அப்ப நீ போகலையா, சித்ரா?"

கேட்டது ஜிதின் சார் இல்லை. என் சொந்தக் குரல்.

கீழே, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, சித்ரா மெதுவாகத் தலையை நிமிர்த்தி எங்கள் மொட்டைமாடியைப் பார்த்தாள்.