வீண் சிரிப்பு

காலைக் காட்சி முடிந்து திரை விழுந்தபோது மேடைக்குப் பின்னால் ஆறு பேர். நாடகத்தை எழுதி, நடத்தி, கடைசிக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரராகத் தலைகாட்டுகிற தபால்காரர். கதாநாயகனாக நடிக்கிற எலக்ட்ரீஷியன். அவருக்கு மனைவியாக வருகிற மருந்துக்கடைக்காரம்மா. மாமனாராக வருகிற பஸ் டிரைவர். திரை இழுக்கிற தச்சர். ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிற டெய்லரம்மா.

பார்க்க வந்தவர்கள் எண்பத்து நான்கு. தபால்காரரைக் கேட்டால் எண்பத்து மூன்று என்பார். முதல் வரிசை மூன்றாவது நாற்காலியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அதில் உட்கார்ந்திருந்தது எலக்ட்ரீஷியனின் மனைவி.

எலக்ட்ரீஷியன் முகத்துச் சாயத்தைக் கழுவக் குழாயடிக்குப் போகும்வரை காத்திருந்து, தபால்காரர் சொன்னார்: "அந்தம்மா நாலு மணி ஆட்டத்துக்கு உள்ள வரக் கூடாது."

சொல்லிவிட்டுக் காலில் வெந்நீர் கொட்டினவர் போல மேடையை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"என்னண்ணே பண்ணாங்க?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

"சிரிச்சாங்க."

"நாம போட்டதும் சிரிப்பு நாடகம்தானே?"

"சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சா தலைமேல வெச்சுக்குவேன். மாமனார் அலமாரிக்குள்ள மாட்டிக்கிறாரு, மண்டபமே குலுங்குது, இவங்க மட்டும் அடிச்சு வெச்ச கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. புருஷன் 'மழை வரும் போலிருக்கே'ன்னு ஒரு வசனம் சொல்றான். விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. மழைல என்னம்மா சிரிப்பு?"

"புருஷன் மேடை ஏறின பெருமை," என்றார் டிரைவர், ஒட்டுமீசையைப் பிய்த்தபடி. "எங்க வீட்டுல நான் மேடை ஏறினா கண்ணை மூடிக்கிறாங்க."

தபால்காரர் சிரிக்கவில்லை. மணி பார்த்தார். ஒன்று நாற்பது.

"நாலு மணிக்கு மண்டபத்துக் கமிட்டி வருது. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் அடுத்த வருஷம் நமக்கு இடம். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல இந்தம்மா தாழியை உடைச்சிடுவாங்க."

நோட்டைப் பிரித்தார். காட்சி முழுக்கத் திரை இடுக்கில் நின்று, கீழே இருப்பவர்களை மட்டுமே பார்த்து, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு கோடு போட்டிருந்தார். முப்பது வருஷம் கடிதம் எண்ணின கை.

"வீண் சிரிப்பு மட்டும் பன்னிரண்டு. அவங்க ஆரம்பிச்சதும் மத்தவங்களுக்கும் தொத்திக்குது. சிரிப்பு அடங்குறவரை அடுத்த வசனம் பேசக் கூடாதுன்னு ஒத்திகையில நான்தான் சொல்லி வெச்சேன். அவனும் வாயை மூடிட்டு நிக்கிறான். தச்சரே, போய் வாசல்ல சொல்லிட்டு வாங்க."

தச்சர் கிளம்பினார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் டெய்லரம்மா. "அண்ணே, அந்தப் பன்னிரண்டும் எந்தெந்த இடம்?"

"எழுதாம இருப்பேனா?"

"படிங்க."

டெய்லரம்மா மடியிலிருந்த வசனக் காகிதங்களைப் பிரித்துக்கொண்டார்.

"முதல் காட்சி. மழை வரும் போலிருக்கே."

டெய்லரம்மா அந்த வரியில் விரல் வைத்தார். பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி.

"குடையை எங்க வெச்சே?"

ஒரு புள்ளி.

"இரண்டாம் காட்சி. ஸ்டூலைத் தள்ளிப் போடு."

ஒரு புள்ளி.

"என்ன புள்ளிம்மா இது?" என்றார் தபால்காரர்.

"அடுத்த வசனம் மறந்துபோன இடம்."

டிரைவரின் கை பாதி மீசையோடு நின்றது.

"போன வருஷம் நம்ம எலக்ட்ரீஷியன் ஏணியிலேருந்து விழுந்தாரில்ல? உடம்பு தேறிடுச்சு. ஞாபகம்தான் அப்பப்ப நழுவுது. உங்களுக்குத் தெரிஞ்சா வேஷம் போயிடும்னு பயம். வீட்டை விட்டு வெளிய வர்றதுக்கு அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அவர் தடுமாறின நொடியே அந்தம்மா சிரிக்கிறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்தச் சத்தத்துல நான் எடுத்துக்கொடுக்கிறேன். இல்லேன்னா என் குரல் முதல் வரிசைக்குக் கேட்டுடும்."

"அப்ப அலமாரிக் காட்சியில ஏன் சிரிக்கல?"

"அடுத்த வசனத்தை மனசுக்குள்ள சொல்லிட்டிருப்பாங்க. உதட்டைப் பார்த்தா தெரியும். மொத்த நாடகமும் அவங்களுக்கு மனப்பாடம்."

தபால்காரர் படித்துக்கொண்டே போனார். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்றாவது இடத்திலும் புள்ளி இருந்தது.

"வாசல்ல என்ன சொல்லட்டும்?" என்றார் தச்சர்.

"முதல் வரிசை மூணாவது நாற்காலியில வேற யாரையும் உட்கார விட வேணாம்னு சொல்லுங்க."

தச்சர் போனார். தபால்காரர் உட்கார்ந்தார்; எழுந்தார். கணக்கு அவரை விடவில்லை.

"பதினொண்ணு போக மீதி ஒண்ணு இருக்கே. கடைசிக் காட்சியில சிரிச்சது. அப்ப அவன் மேடையிலேயே இல்ல, நான்தான் நின்னேன். அந்தச் சிரிப்புல எனக்கே ஒரு நொடி தடுமாறிப்போச்சு. அது வீண்தானே?"

டெய்லரம்மா தயங்கினார். எழுதினவனுக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், என் காட்சி வந்ததும் போய்த் தண்ணீர் குடியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார் தபால்காரர்.

"நான் தண்ணி குடிக்கப் போகலண்ணே," என்று சொல்லிக் கடைசித் தாளைத் திருப்பினார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்ததே மூன்று வசனம். இரண்டாவதன் பக்கத்தில் ஒரு புள்ளி.