பின்னால் பார்க்கும் அம்பு

டயர் கடையில் மூன்று பேர் இருக்கிறோம். கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடைக்காரர். சுவரோர நாற்காலியில், கையில் கட்டோடு என் தங்கை. அடுக்கிய பழைய டயர்களின் மேல், மடியில் எழுதும் அட்டையோடு நான். எதிரே லிஃப்டில் அவளுடைய இரண்டு இருக்கை சிவப்புக் கார் தொங்குகிறது. மழைக்கென்றே அவள் ஒரு வாரம் விசாரித்துத் தேர்ந்தெடுத்த டயர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில், சுழலும் திசையைக் காட்டும் அம்பு பின்னால் பார்ப்பது பளிச்சென்று தெரிகிறது. இந்தக் கடையில்தான் முன் டயர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்; அப்படி மாட்டினால் அவை மழைநீரை வெளியே தள்ளாமல் வழுக்கும். முந்தாநாள் மழையில் கார் வழுக்கிச் சுவரில் மோதியதற்கு அவளுடைய வேகம்தான் காரணம் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்தவர் இதே கடைக்காரர். "அலைன்மெண்ட் பக்காம்மா. ரிப்போர்ட்டப் பாருங்க, எல்லாம் பச்சை" என்கிறார். "மழையில நான் ரிப்போர்ட்டையாண்ணே ஓட்டிட்டுப் போனேன்?" என்கிறாள் தங்கை. கம்ப்ரஸர் உறுமி அடங்குகிறது. நேற்றே எடுத்து அச்சிட்டு வைத்திருந்த அம்பின் புகைப்படத்தை இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கான கடிதத்தோடு மடித்து உறைக்குள் வைக்கிறேன். "சார், அஞ்சு நிமிஷம், மாத்திப் போட்டுடறேன்" என்று அவர் ஸ்பானரோடு எழுகிறார். "இன்சூரன்ஸ்காரங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி கைய வச்சீங்கன்னா நல்லாருக்காது" என்கிறேன். உறையை ஒட்டித் தங்கையிடம் நீட்டுகிறேன். அவள் தெருவைக் கடந்து தபால் பெட்டியில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பும்வரை, காருக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறேன்.