தொண்ணூறுக்குக் கீழே

"ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழ காட்டிச்சுன்னா, வாயைத் திறக்காம எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்கு வரணும். சம்மதமாப்பா?"

அப்பா இருமி முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே சண்டைதான்.

முதலில் இருமியது நான். மூன்று பேருக்கும் ஒரே அறை, ஒரே ஜன்னல். என்னிடமிருந்துதான் அவருக்கு ஒட்டியிருக்கும். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல்கூட நேற்றோடு நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை.

நிற்குமா? விஜயநகரில் யாரோ பெரிய மனுசனுக்கு மூன்று மாடி எழும்புகிறது. இந்த மழையில் அங்கே போய்க் கம்பி கட்டிவிட்டு வருகிறார். மெடிக்கலில் அவராகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி, ரெண்டை விழுங்கிவிட்டு, மீதியை அடுத்த காய்ச்சலுக்கென்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

"இது வைரஸ்ப்பா. அந்த மாத்திரை வைரஸை ஒண்ணும் பண்ணாது."

"ஊசி போட்டாச் சரியாப் போயிரும் அம்மிணி."

"என்ன ஊசி? பேரச் சொல்லு."

"இடுப்புல போடறது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த வீட்டில், ஏன், எங்கள் சொந்தத்திலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். மைக்ரோபயாலஜி. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டத் தெரிகிறது. பேச்சைக் கேட்கத்தான் தெரியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ. ஓய்வு, தண்ணி, காய்ச்சல் மாத்திரை. முக்கால்வாசிப் பேருக்கு அதுலயே போயிரும். நுரையீரலுக்குள்ள எறங்கிட்டாத்தான் ஆபத்து. ஆக்ஸிஜன் கொறையும், ஒதடு நீலம் பாஞ்சிரும், ஆளுக்கே தெரியாது. சிரிச்சுப் பேசிட்டே இருப்பாங்க, அப்படியே சாஞ்சிருவாங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றவங்களைத்தான் மொதல்ல நம்பக் கூடாது."

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

வழக்கமாக இவ்வளவு கத்தினால் எனக்கு மூச்சு வாங்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கத்தலாம் போலிருந்தது. வெளியே தெருவின் ஸ்கூட்டர் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. மழைநாள் என்றால் அப்படித்தான்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்துப் புது பேட்டரி போட்டேன். அப்பாவின் விரலில் சிமெண்டும் துருவும் ஏறிக் கிடந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மாட்டினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எண் துடித்துத் துடித்து நின்றது.

தொண்ணூற்றாறு.

விரலை மாற்றினேன். மறுபடியும் தொண்ணூற்றாறு.

"பாத்தியா? உங்கப்பனுக்கு நெஞ்சுலயும் கம்பி கட்டியிருக்குது."

நான் நம்பவில்லை. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் விரலில் மாட்டினேன்.

அறுபத்தெட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாரு, இதுதான் இந்த மெஷினோட லட்சணம். எனக்கே அறுபத்தெட்டு காட்டுது. அறுபத்தெட்டுன்னா ஒரு ஆளு இப்படி நின்னு பேச முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கிட்டே வந்து என் வாயையே பார்த்தாள்.

"நாவப்பழம் தின்னியா கண்ணு?"

"நான் எங்கம்மா தின்னேன்?"

முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் என் உதட்டைத் துடைத்தாள். இன்னொரு தடவை, வலிக்க வலிக்க அழுத்தித் துடைத்தாள்.

"விடும்மா, என்ன நீ!"

"ஏனுங்க" என்றாள் அவள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். வாயைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஜெயித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அந்த மனுசன் என் பேச்சைக் கேட்கிறார்.

எதிர்வீட்டு லிங்கப்பன் ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டு, கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

"யாருக்கு உஷாரில்ல, ஒடம்பு சரியில்ல?"

"அப்பாவுக்கு" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மடமடவென்று வண்டியைக் கிளப்பினார்.

என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். நோயாளி அவர், நடுவில் நானாம். அப்பா என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. இருமல் வந்தபோதுகூட முகத்தை மட்டும் மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூச்ச நல்லா இழுத்து விடு அம்மிணி."

"அத நீ செய்ப்பா மொதல்ல."

ஆக்ஸிமீட்டரைக் கழற்ற மறந்திருக்கிறேன். என் விரலிலேயே எரிந்துகொண்டிருந்தது. இப்போது அறுபத்தொன்று. பேட்டரியும் டூப்ளிகேட் போல.

அம்மாவிடம் சொல்லலாமென்று திரும்பினேன். அவள் முந்தானையை மடியில் விரித்து, உதட்டைத் துடைத்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளிர் மஞ்சள் சேலை. துளி பட்டாலும் தெரியும்.

அதில் ஒரு கறையும் இல்லை.